கொலைக்கதை எழுத வந்த அம்மா

எங்கள் தோட்டத்துப் பெரிய துரையின் அத்தை இங்கிலாந்தில் பேர்பெற்ற கொலைக்கதை எழுத்தாளர் என்பது, அவர் வந்து இறங்கி ஒரு வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அதற்குள் அவர் பங்களாப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

இலங்கை மலைநாட்டில், வட்டவளை ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறினால் வருகிற தோட்டம் அது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. என் அப்பா தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். நான் ஹட்டனில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அங்கேயே ஒரு முஸ்லிம் வியாபாரியின் ஜவுளிக்கடை மாடியில் நடந்த வகுப்பில் சுருக்கெழுத்தும் டைப்பும் பழகியிருந்தேன். ஆனால் வேலைக்கு எங்கே எழுதிப் போட்டாலும் பிரஜாவுரிமை இருக்கிறதா என்று கேட்டார்கள். முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்பதால் எங்களுக்கு இல்லை. அதனால் வீட்டில் அம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்தேன். கல்யாணப் பேச்சும் மெதுவாக ஆரம்பித்திருந்தது.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்த அப்பா, கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, தொரையோட அத்தைக்கு டைப் அடிக்க ஆள் வேணுமாம். போறியா?"

"என்ன அடிக்கணும்?"

"கதையாம்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பங்களாவுல போயி பொம்பளப் புள்ளைக்கு என்ன வேல?"

"அந்தம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். கை ஒடஞ்சு கெடக்குறாங்க. இவ காலையில போயிட்டு சாயங்காலம் வரப்போறா, அவ்வளவுதான்."

அம்மா அரைமனதாகச் சம்மதித்தார். மறுநாள் நான் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, குடையைப் பிடித்தபடி பங்களாவுக்கு நடந்தேன். ஆடி மாத மழை. எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் குடை என்பது தலையை மட்டும் காப்பாற்றும். இடுப்புக்குக் கீழே நனைந்துதான் போய்ச் சேர்ந்தேன்.

அவர் முன்பக்கத்துக் கண்ணாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உயரமான, ஒல்லியான உருவம். ஆண்கள் போடும் பழைய கம்பளிக் கோட்டு. வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நாங்கள் இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டோம். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"உனக்குக் கொலை பிடிக்குமா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிடிக்காது, மேடம்" என்றேன்.

"நல்லது. பிடிக்கும் என்று சொல்கிறவர்களோடு வேலை செய்வது கஷ்டம். முதலில் சேலையைக் கணப்புப் பக்கத்தில் காயவை. பிறகு ஆரம்பிக்கலாம்."

அன்றைக்கு அவர் சொல்ல நான் எழுதிய முதல் வரியில், ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் ஒரு வக்கீல் செத்துக் கிடந்தார். தேநீருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று சொல்வதைப் போல அதைச் சொன்னார். என் பென்சில் நின்றுவிட்டது. "என்ன, எழுத்துக்கூட்டல் தெரியவில்லையா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அப்படியானால் எழுது. இன்னும் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்" என்றார்.

அவருடைய புத்தகங்களில் துப்பறிகிறவர் போலீஸ்காரர் அல்ல. ஒரு சின்ன ஊரின் பல் வைத்தியர். வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்களால் பேச முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். அப்போது அவர்கள் கண் பொய் சொல்லாது என்பது அந்த வைத்தியரின் கொள்கை. முப்பது வருஷமாக அவரை வைத்துத்தான் எழுதிவந்தார். அந்த வைத்தியர் ஒருமுறைகூடத் தவறியதே இல்லை. கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, இன்னார்தான் கொலைகாரர் என்று காட்டுவார். சரியாக இருக்கும்.

"ஒருநாளும் தவறே செய்யாத ஒரு மனுஷனோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்திப் பார். அப்போது தெரியும்" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

வேலை எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. காலையில் அவர் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுப்பேன். மத்தியானத்துக்குப் பிறகு டைப் அடிப்பேன். பனிமூட்டம் ஜன்னலிடுக்கு வழியாக உள்ளே வந்து தாளெல்லாம் நமத்துப்போகும். அடித்தால் 'ஓ' எழுத்து தாளில் ஓட்டையே போட்டுவிடும். பங்களாச் சமையல்காரர்தான் அதற்கு வழி செய்தார். தாள்கட்டை எடுத்துப்போய் ரொட்டி சுடும் அடுப்புக்கு மேலே பலகையில் வைத்து, அப்பளம்போல மொறமொறவென்று கொண்டுவந்து கொடுப்பார். அந்தப் புத்தகத்தின் கைப்பிரதி முழுவதும் ரொட்டி வாசம் அடித்துக்கொண்டுதான் கப்பல் ஏறியது.

சமையல்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முந்தைய துரை காலத்திலிருந்து அந்தப் பங்களாவில் இருந்தவர். மனைவி மலையில் கொழுந்தெடுத்தார். பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். நான் அவரை அண்ணே என்பேன். அவருக்கு நான் தங்கச்சி. பத்து மணித் தேநீருக்கு நான் சமையலறைப் பக்கம் போனால் முதலில் கேட்பது கதையைத்தான்.

"இன்னிக்கு யாரு போனா தங்கச்சி?"

"யாரும் போகலண்ணே. வக்கீலோட மருமகன போலீஸ் விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க."

"அவன்தான். நான் அன்னிக்கே சொன்னேன்ல? சாவுக்கு வந்தவன் எதுக்குப் புதுச் செருப்புப் போட்டுக்கிட்டு வாரான்?"

மறுநாள் வேறொரு ஆளைச் சந்தேகப்படுவார். நான் அதை அந்த எழுத்தாளரிடம் சொல்வேன். அவரையும் என்னையறியாமல் அம்மா என்றே சொல்லப் பழகியிருந்தேன். அவர் சிரித்துவிட்டு, "செருப்பை நான் யோசிக்கவில்லை. அதைச் சேர்த்துக்கொள்" என்பார்.

மழை விட்ட மாலைகளில் இருவரும் நடக்கப் போவோம். தேயிலை மலைக்கு நடுவே பாலத்தடிக்குப் போகும் வண்டிப்பாதையில் நடந்துகொண்டே அவர் தன் கதையைச் சொல்வார். அவருடைய அப்பா இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் விதைக்கடை வைத்திருந்தாராம். வயதான காலத்தில் பார்வை போய்விட்டது. மகள்தான் தினமும் பத்திரிகை வாசித்துக் காட்ட வேண்டும். அதில் வந்த ஒரு துப்பறியும் தொடர்கதை என்றால் அப்பாவுக்கு உயிர். ஆனால் கதை முடியும் முன்னால் பத்திரிகை நின்றுபோனது. அதை அப்பாவிடம் சொல்ல மனம் வரவில்லை. கையில் பழைய தாளைப் பிடித்துக்கொண்டு, வாசிப்பதைப் போல மகளே கற்பனையாக மீதியைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மாதத்துக்கு மேல் அப்படி ஓடியது.

"கண்டுபிடித்தாரா?" என்று கேட்டேன்.

"கடைசி நாள் முடிவைச் சொன்னதும், 'இந்த ஆள் போன மாதத்திலிருந்து நன்றாக எழுதுகிறான்' என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது."

அதன் பிறகுதான் எழுதத் துணிந்தாராம். முதல் புத்தகத்தைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் எடுத்துக்கொண்டவர், பெண் எழுதிய கொலையை யாரும் வாங்க மாட்டார்கள் என்று ஆண் பெயரில் போட்டார். நாலைந்து புத்தகம் வந்து பேர் பரவிய பிறகுதான் எழுதியது பெண் என்று வெளியே சொன்னார்கள். அப்போது வீட்டு வாசலில் பத்திரிகைக்காரர்கள் கூடிவிட்டார்களாம். வங்கியில் வேலை பார்த்த கணவர் அவருடைய புத்தகம் ஒன்றைக்கூட வாசித்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றும் முடிகிற அன்று ஒரு கேக் வாங்கி வருவாராம். யுத்த காலத்தில் சிப்பாய்கள் அந்தப் புத்தகங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். பிறகு கணவர் இறந்தார். வெளிச்சமான நாட்டுக்குப் போய் இருங்கள் என்று டாக்டர் சொன்னதால் கப்பல் ஏறி, வருஷத்தில் பாதி நாள் சூரியனையே பார்க்காத எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அதை நினைத்து அவரே அடிக்கடி சிரிப்பார்.

ஐப்பசி பிறந்தபோது புத்தகம் முக்கால்வாசி முடிந்திருந்தது. எலும்பு சரியாகக் கூடாததால் கைக்கட்டை மட்டும் இன்னும் அவிழ்க்கவில்லை. முடிவுதான் வரவில்லை. மருமகனைக் கொலைகாரனாக்கினால் வாசகர்கள் முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள். வேறு யாரையாவது ஆக்கினால் அவருக்கே நம்பிக்கை வரவில்லை. இப்படி அவர் தடுமாறிக்கொண்டிருந்தபோதுதான் கடிகாரம் காணாமல் போனது.

அது துரையின் அப்பாவுடைய தங்கக் கடிகாரம். சட்டைப் பையில் சங்கிலியோடு வைத்துக்கொள்கிற வகை. வரவேற்பறைக் கணப்புக்கு மேலே மரப்பலகையில் எப்போதும் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை துரை பார்த்தபோது அது இல்லை. அந்தப் பலகையைத் தினமும் துடைப்பவர் சமையல்காரர்.

துரை கெட்ட மனுஷர் அல்ல. ஆனால் தோட்டத்தில் ஒரு பொருள் தொலைந்தால் முதலில் யாரைப் பார்ப்பது என்பதில் அவருக்கு யோசனையே தேவைப்பட்டதில்லை. சமையல்காரரைக் கூப்பிட்டு, "நாளைக்கு சாயங்காலம் கடிகாரம் அதே எடத்துல இருக்கணும். இல்லாட்டி நீ போ, பொஞ்சாதியும் போ" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "நான் எடுக்கலங்க தொரை" என்று அவர் சொன்னது அறைக்குள் யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது தாள்கட்டு வழக்கம்போலக் காய்ந்து மேசையில் இருந்தது. தேநீர் வந்தது. ஆனால் சமையலறையில் அவர் கதையைப் பற்றிக் கேட்கவில்லை. சட்டி பானைகளை ஒன்றொன்றாகத் துலக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அன்று வேலைக்குப் போகவில்லை. பின்கட்டில் துணிகளை மூட்டை கட்டுவது தெரிந்தது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"என் மருமகன், உங்கள் துரை, என்னைக் கேட்கிறான், இவ்வளவு கொலையைக் கண்டுபிடித்தவள், ஒரு திருட்டைக் கண்டுபிடிக்கக் கூடாதா என்று" என்றார். "நான் கொலைகாரனை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னால் நடந்து வருகிறவள். நிஜத்தில் முன்னால் நடக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது தெரியாது."

அன்று அவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குத் துரை வந்து உட்கார்ந்ததும், நான் பக்கத்து அறையில் டைப்ரைட்டர் முன்னால் இருக்கும்போதே, அவர் சாதாரணமாகச் சொல்வது கேட்டது.

"உன் அப்பாவின் கடிகாரத்தை நான்தான் தொலைத்துவிட்டேன். சனிக்கிழமை நடக்கப் போனபோது எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தில் நின்று மணி பார்க்கும்போது கை நழுவிவிட்டது. இடது கை, பழக்கமில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது."

துரை எழுந்து கதவைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"சனிக்கிழமை நீயும் அத்தையோடு போனாய் அல்லவா? நீ பார்த்தாயா?"

போயிருந்தேன். பாலத்திலும் நின்றோம். அந்த அம்மாவின் கையில் கடிகாரமும் இல்லை, ஒன்றும் இல்லை. துரைக்குப் பின்னால் சாப்பாட்டு மேசையில் அவர் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். இப்படிச் சொல்லப்போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. என் அப்பா இந்த மனிதரிடம் வேலை பார்க்கிறார். பின்கட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் மனதில் வந்தன.

"பார்த்தேன் சார்" என்றேன். "தண்ணீர் நிறைய ஓடியது. சங்கிலி ஒரு கல்லில் மாட்டி ஒரு நிமிஷம் நின்றது. பிறகு போய்விட்டது."

துரை என்னைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவர் தொழிற்சாலைப் பக்கம் கிளம்பிய பிறகு அந்த அம்மா வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "நன்றி" என்றார். பிறகு, "ஆனால் அந்தச் சங்கிலியைச் சேர்த்திருக்கக் கூடாது. பொய் சொல்கிறவர்கள்தான் கேட்காததையும் சொல்வார்கள். என் பல் வைத்தியர் உன்னை அந்த இடத்தில் பிடித்திருப்பார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சத்தம் வெளியே கேட்காமல் சிரித்தோம்.

சிரிப்பு நீடிக்கவில்லை. கல்லில் மாட்டியது என்று நான் சொன்னதைத் துரை அப்படியே பிடித்துக்கொண்டார். தண்ணீரில் போன கடிகாரம் ஏதாவது கல்லிடுக்கில் சிக்கியிருக்கும் என்று, மறுநாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு வந்த ஆட்களில் சிலரைப் பிரித்து ஓடைக்கு அனுப்பிவிட்டார். அந்தக் குளிரில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று அவர்கள் மணலை அரிப்பது வராந்தாவிலிருந்தே தெரிந்தது. அந்த அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஓடையில் நின்றவர்களுக்குச் சமையல்காரர்தான் தேநீர் கொண்டுபோனார். திரும்பி வந்தவர் நேரே வராந்தாவுக்கு வந்தார். காலிக் கேத்தலைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"தங்கச்சி, நான் சொல்றத அம்மாவுக்கு அப்படியே இங்கிலீசுல சொல்லணும். கூட்டாம, கொறைக்காம."

"சரிண்ணே."

"நீங்க எனக்காகத்தான் பொய் சொன்னீங்கன்னு தெரியும். சனிக்கெழம அந்திக்கு நீங்க நடந்துட்டு வந்தப்பறம் நான்தான் கணப்புக்கு வெறகு போட்டேன். கடிகாரம் அங்கதான் இருந்துச்சு. அது ஓடையில விழல."

நான் சொன்னேன். அந்த அம்மா தலையசைத்தார்.

"நான் எடுக்கல. அத நீங்க நம்பியிருந்தா, இவன் எடுக்கலன்னு தொரைக்கிட்ட சொல்லியிருப்பீங்க. எடுத்திருப்பான்னு நெனச்சதாலதான நீங்களே பழிய ஏத்துக்கிட்டீங்க?"

இதை நான் மொழிபெயர்த்து முடித்ததும் அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "எனக்குத் தெரியவில்லை என்று சொல்" என்றார். "அவர் எடுத்தாரா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?"

நான் சொன்னதும் சமையல்காரர் உடனே பதில் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"கேட்டிருக்கலாமுங்க. கதையில ஒரு வக்கீல் செத்ததுக்கு அந்தப் பல்லு டாக்டரு எத்தன பேர எத்தன கேள்வி கேக்குறாரு! எங்கிட்ட நீங்க ஒரு கேள்வி கேட்டீங்களா? தொரையும் கேக்கல, நீங்களும் கேக்கல."

நான் அதை இங்கிலீஷில் சொல்லும்போது என் குரல் தாழ்ந்துவிட்டது. அந்த அம்மாவின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அவர் சொல்வது சரி. நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். நான் அதைத் தமிழில் சொல்லுமுன்பே சமையல்காரருக்குப் புரிந்துவிட்டதுபோல் இருந்தது. கேத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மூன்று மணிபோல, துரைமார் கூடும் கிளப்பிலிருந்து ஓர் ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தான். ஒரு சின்னப் பொட்டலத்தைத் துரையின் கையில் கொடுத்தான். உள்ளே அந்தக் கடிகாரம் இருந்தது. சனிக்கிழமை இரவு துரை அங்கே சாப்பாட்டுக்குப் போனபோது, கடிகாரங்களைப் பற்றித் தெரிந்த இன்னொரு தோட்டத்துத் துரைக்குக் காட்டத் தானே எடுத்துப்போய், சீட்டாடும் அறையில் மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த இரவில் எவ்வளவு குடித்தாரோ, எடுத்துப்போனதே நினைவில் இல்லை. கிளப்பில் இது யாருடையது என்று கண்டுபிடிக்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஓடையில் ஆட்கள் அப்போதும் அரித்துக்கொண்டிருந்தார்கள். துரை தானே இறங்கிப்போய் அவர்களை மேலே வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். திரும்பி வராந்தாவுக்கு வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"அத்தை, ஓடையில் விழுந்த கடிகாரம் கிளப் வரைக்கும் நீந்திப் போயிருக்கிறது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ சங்கிலியைக்கூடப் பார்த்தாய், இல்லையா?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். அந்த அம்மாதான் பதில் சொன்னார். "நான் சொல்வதை அப்படியே அடிப்பதுதான் இவள் வேலை. இவளை ஒன்றும் சொல்லாதே. உள்ளே போய் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேள்."

"அப்படியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு தோட்டத்தை நடத்த முடியாது, அத்தை."

அவர் கடிகாரத்தைப் பழைய இடத்தில் வைத்தார். சமையல்காரர் விளக்குத் துடைக்க வந்தபோது, "கிளப்புல இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். "சரிங்க தொரை" என்றார் இவர். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வேறொன்றும் வராது என்று தெரிந்ததும், "எனக்கும் பொஞ்சாதிக்கும் பத்துச்சீட்டு குடுத்துருங்க தொரை, நாங்க போறோம்" என்றார். வேலையை விட்டு விலகுகிறவர்களுக்குத் தோட்டம் எழுதிக் கொடுக்கிற சீட்டு அது.

துரைக்கு அதிர்ச்சி. கடிகாரம்தான் கிடைத்துவிட்டதே, பிறகு எதற்குப் போக வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னார். இவர் அசையவில்லை. அந்தச் சீட்டை எழுதியது என் அப்பாதான். நல்ல சமையல்காரர், நாணயமானவர் என்று துரை தன் கையாலேயே தனியாக ஒரு காகிதமும் எழுதிக் கொடுத்தார். அவரால் முடிந்த மன்னிப்பு அது என்று நினைக்கிறேன். என் பொய்யைப் பற்றி அப்பாவிடம் அவர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. வீட்டில் நானே சொன்னேன். அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அம்மா, "நல்ல காரியந்தான் செஞ்ச" என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா, இல்லையா என்று நான் கேட்கவில்லை.

சமையல்காரரும் மனைவியும் நல்லதண்ணி என்ற ஊருக்குப் போனார்கள். மனைவியின் அண்ணன் அங்கே சிவனொளிபாத மலை யாத்திரைக் காலத்தில் கடை போடுகிறவர். பங்களாவுக்குப் புதிதாக வந்த சமையல்காரருக்குத் தாளைக் காயவைக்கச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

அந்த வாரத்தில்தான் புத்தகத்தின் முடிவு வந்தது. ஒருநாள் காலை அந்த அம்மா வராந்தாவில் நடந்துகொண்டே நிறுத்தாமல் சொல்ல ஆரம்பித்தார். பல் வைத்தியர் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, மருமகன்தான் கொலைகாரன் என்று சொல்கிறார். போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஆனால் அது தவறு. கொன்றது வக்கீலின் கூட்டாளி. முப்பது வருஷத்தில் முதல்முறையாக வைத்தியர் தவறிவிட்டார். உண்மை தெரிந்து மருமகன் விடுதலையான பிறகு, அவர் அவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கதவு திறக்கவில்லை. அங்கே புத்தகம் முடிந்தது.

நான் கடைசித் தாளை உருவி எடுத்தபோது அவர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். "இதைப் பதிப்பகத்தார் வெறுக்கப்போகிறார்கள்" என்றார். முகத்தில் வருத்தம் தெரியவில்லை.

அவர் ஊருக்குத் திரும்பும் முன்னால் தை மாதத்தில் ஒருநாள், நல்லதண்ணிக்குப் போக வேண்டும் என்று துரையிடம் கார் கேட்டார். எதற்கு என்று துரை கேட்கவில்லை, டிரைவரை அனுப்பினார். வழியெல்லாம் நான் அவருக்கு ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு வந்தேன். மஸ்கெலியாவைத் தாண்டும்போது ஓரளவுக்கு வந்துவிட்டது.

கடைவரிசையில் சமையல்காரரின் கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சுகள், பெரிய கேத்தல். மலையேற வந்த சிங்கள யாத்திரிகர்களை "என்ட, வாடிவென்ட" என்று உட்காரச் சொல்லி ரொட்டி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெஞ்சைத் துடைத்தார். அந்த அம்மா உட்காரவில்லை. நின்றபடியே, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க. நான் உங்கள கேட்டிருக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று தெரிந்துகொண்டார். "உக்காரச் சொல்லு தங்கச்சி. பெஞ்சு ஈரமில்ல" என்றார். பிறகு எங்களுக்குத் தேநீர் ஊற்றினார், ரொட்டி சுட்டார், சம்பல் வைத்தார். அந்த அம்மா சம்பலின் காரத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டார். மனைவி உள்ளிருந்து வந்து நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

கிளம்பும் நேரத்தில்தான் அவர் கேட்டார். "கத என்ன ஆச்சு? யாரு கொலகாரன்?"

நான் முடிவைச் சொன்னேன். கேத்தலை இறக்கி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

"கதவு தொறக்கவே இல்லியா?"

"இல்லண்ணே."

"அது சரிதான். நானா இருந்தாலும் தொறந்திருக்க மாட்டேன்." ஒரு ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "ஒரு மாசம் கழிச்சு வந்தா தொறப்பேன்."

காரில் ஏறியதும் அவர் என்ன சொன்னார் என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன். டிரைவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அதன் பிறகு ஹட்டன் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

புத்தகம் மறுவருஷம் வந்தது. எனக்கும் ஒரு பிரதி கப்பல் தபாலில் வந்தது. பல் வைத்தியர் தவறலாமா என்று வாசகர்கள் கோபப்பட்டார்களாம். இதுவரை எந்தப் புத்தகத்துக்கும் இவ்வளவு வசவு வந்ததில்லை என்று ஒரு கிறிஸ்மஸ் அட்டையில் சந்தோஷமாக எழுதியிருந்தார். அதற்குப் பிறகும் சில புத்தகங்கள் எழுதினார். வைத்தியர் பழையபடி தவறாமல் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். அவற்றையும் அனுப்பினார். நான் வாசித்தேன். கையெழுத்து வருஷத்துக்கு வருஷம் சாய்ந்துகொண்டே போனது.

அந்த வேலையின் நற்சாட்சியைக் காட்டி நான் ஹட்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தேன். கல்யாணமும் ஆயிற்று, கணவர் தோட்டப் பாடசாலை வாத்தியார். அறுபதுகளின் நடுப்பகுதியில், இந்தியாவுக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று எங்கள் ஜனங்கள் தவித்துக்கொண்டிருந்த நாட்களில் அலுவலகத்தில் எப்போதும் கூட்டம். அப்படி ஒருநாள் மத்தியானம், ஆங்கிலப் பத்திரிகையில் அவர் படத்தைப் பார்த்தேன். இங்கிலாந்தில் காலமானார் என்று போட்டிருந்தது. எத்தனை மொழிகளில் அவர் புத்தகங்கள் வந்தன, எந்தெந்த மேடைகளில் நாடகமாயின என்றெல்லாம் எழுதி, உடல்நிலைக்காகச் சில மாதங்கள் இலங்கையில் ஓய்வெடுத்தார் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். பத்திரிகையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணவரிடம் காட்டினேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டார்.

அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"மழ பேஞ்சா சந்தோஷப்படுவாங்க. காலையில நல்லாச் சாப்புடுவாங்க. கதையில சாகுற ஆளுக்குப் பேரு வைக்க மட்டும் நாள்கணக்கா யோசிப்பாங்க. மத்தவங்களுக்கெல்லாம் ஒரு நிமிஷத்துல வச்சிருவாங்க. ஏன்னு கேட்டேன். இந்தாளு மொதப் பக்கத்துலயே போயிடுவாரு, பேராவது நல்லதா இருக்கட்டும்னாங்க."

"நல்ல மனுஷிதான்" என்றார் கணவர். அடுப்பில் உலை பொங்கி மூடி தட்டியது. நான் எழுந்து போனேன்.